லிஃப்ட் செய்த வண்டிக்கு ஷாக்: கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

கேள்வி: என்னுடையது ஃபோர் வீல் டிரைவ் வண்டி. முன்னும் பின்னும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங். உயரமான ஸ்பிரிங் போட்டு 3 இன்ச் தூக்கியிருக்கிறேன்; ஷாக் (ஷாக் அப்சார்பர்) மட்டும் பழையது. வேகத்தடையில் ஏறும்போது ஒன்றும் தெரிவதில்லை. பின் சக்கரம் மேட்டைத் தாண்டிக் கீழே விழும் நொடியில் 'டொக்' என்று ஓர் அடி கேட்கிறது. ஸ்பிரிங் போட்ட கடையில், ரிசர்வாயர் (தனி எண்ணெய்க் கலம்) வைத்த ஷாக் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். இன்னொருவர், 3 இன்ச் நீளமான ஷாக் எது கிடைத்தாலும் போடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? நானே மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. மேட்டில் மோதும்போது அடித்தால் ஷாக் முழுசாக மடங்கி இடிக்கிறதோ என்று பார்க்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது அடிப்பதால், உங்கள் ஷாக் முழுசாக நீண்டுவிட்டு, மேற்கொண்டு நீள இடமில்லாமல் உள்ளே முட்டுகிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காயில் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சில் கீழே போகாமல் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ஷாக்தான். அவ்வளவு கனமான ஆக்சில், ஒவ்வொரு மேட்டிலும் ஷாக்கின் உள்ளே போய் வரும் அந்த மெல்லிய ராடில் தொங்கி நிற்கிறது. இப்படியே ஓட்டினால் சீல் போகும், உள்ளே பிஸ்டன் போகும், சில சமயம் மாட்டியிருக்கும் பிராக்கெட்டே பிய்ந்து வரும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. அந்த ஆட்டத்தின் சக்தியை எண்ணெய்க்குள் வெப்பமாக மாற்றி வெளியே விடுகிறது, அவ்வளவே. நல்ல ஷாக் போட்டால் வண்டி இன்னும் தூக்கிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், அந்தக் கடையில் வேறு எதுவும் வாங்காதீர்கள்.

இனி அளவு. ஒரு சட்டையைக்கூடத் தோள், மார்பு அளவு போட்டு விற்கும் உலகத்தில், ஷாக் பெட்டியின் மேல் '0 முதல் 3 இன்ச் லிஃப்ட்' என்று மட்டும் அச்சடித்து விற்கிறார்கள். மடங்கினால் எவ்வளவு, நீண்டால் எவ்வளவு என்ற இரண்டே இரண்டு எண்களைப் பெட்டியில் போட இவர்களுக்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தயாரிப்பாளரிடம் அந்த எண்கள் இருக்கும். விற்பவரிடம் கேளுங்கள். "அதெல்லாம் சரியாக இருக்கும் சார்" என்பது பதில் இல்லை.

வண்டியைச் சமதளத்தில், வழக்கமாக ஏற்றும் சாமான்களோடு நிறுத்துங்கள். ஷாக்கின் மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடுவு வரை, ஷாக் சாய்ந்திருக்கும் வாக்கிலேயே அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஆக்சிலுக்கும், அது அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். மூன்றாவதாக அந்த ரப்பரின் உயரம். பலமான அடியில் ரப்பர் ஏறக்குறைய பாதி நசுங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது ஷாக் நீளம் 530 மி.மீ., பம்ப் ஸ்டாப் இடைவெளி 150, ரப்பர் 50. அப்படியானால் ஆக்சில் அதிகபட்சம் 150-ம் 25-ம் சேர்த்து 175 மி.மீ. மேலே வரும். அந்த நிலையில் ஷாக்குக்குக் கிடைக்கும் இடம் 355 மி.மீ. மட்டும். பழைய ஷாக் மடங்கினால் 345, நீண்டால் 555 என்று கொள்ளுங்கள். மடங்குவதில் பிரச்சினை இல்லை. ஆனால் 530-இல் நிற்கும் ஷாக் 555 வரைதான் நீளும் என்றால், சக்கரம் தொங்க வெறும் 25 மி.மீ. மிச்சம். 3 இன்ச் என்பது ஏறக்குறைய 75 மி.மீ.; லிஃப்டுக்கு முன் இதே இடம் 100 மி.மீ. இருந்தது. உங்கள் 'டொக்' அங்கேதான் பிறக்கிறது.

'3 இன்ச் நீளமானது எதுவானாலும் போடு' என்பவரின் யோசனையை இதில் போட்டுப் பாருங்கள். நீண்டால் 630 வரும் ஷாக் கிடைக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் ராடு உடலுக்குள்தான் மடங்கிப் போக வேண்டும். நீளமாக நீளும் ஷாக் சின்னதாக மடங்காது. 630 வரை போகும் சாதாரண ஷாக் ஏறத்தாழ 380-க்குக் கீழே மடங்காது. இருக்கும் இடமோ 355. அதாவது பம்ப் ஸ்டாப் தன் வேலையை முடிக்கும் முன்பே, 25 மி.மீ. பாக்கி இருக்கும்போதே, ஷாக் அடியோடு முட்டிவிடும். 'டொக்' போய் 'டமார்' வரும். முன்னதைவிட இது மோசம். ஒரே பள்ளத்தில் ஷாக் செத்துவிடலாம்.

ஆகவே நீளமான ஷாக் போடுபவர் பம்ப் ஸ்டாப்பையும் கீழே இறக்கியாக வேண்டும். நம் கணக்கில் 40 மி.மீ. ஸ்பேசர் ஒன்றைப் பம்ப் ஸ்டாப்புக்கு மேலே வைத்தால் ஷாக்குக்கு 395 மி.மீ. இடம் கிடைக்கும். 380-இல் மடங்கி 625 வரை நீளும் ஷாக்கைத் தைரியமாகப் போடலாம், 15 மி.மீ. கைவசம் இருக்கிறது. மேலே 135, கீழே 95 என்று இரண்டு பக்கமும் பயணம். இந்த ஸ்பேசர் ஒரு சாதாரணத் துண்டு. அதை விற்பதில் லாபம் இல்லை, அதனால் அதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசமாட்டார்கள். ரிசர்வாயர் ஷாக்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

இதைவிடக் கொடுமை, பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டு அடியில் 'எக்ஸ்டென்ஷன்' துண்டு போட்டுத் தரும் வேலை. 75 மி.மீ. துண்டு போட்டால் 345-இல் மடங்கிய ஷாக் இனி 420-இல் மடங்கும். இடம் 355. கணக்கை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். செலவு குறைவு என்று இதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்; வேண்டவே வேண்டாம்.

நீளமான ஷாக் போட்டபின் ஆக்சில் முன்பைவிட நிறையக் கீழே இறங்கும். அப்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, ஏபிஎஸ் ஒயர் இழுபடுகிறதா, ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டுத் தளர்கிறதா என்று தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். முன்பக்கம் என்றால் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஹோஸ் விறைத்தால் நீளமான ஹோஸ் போடுங்கள், இல்லாவிட்டால் ஆக்சில் அளவுக்கு மேல் இறங்காமல் பிடிக்கும் பட்டையை (லிமிட் ஸ்டிராப்) கட்டுங்கள். "கொஞ்சம் இழுபட்டால் பரவாயில்லை" என்பதை பிரேக் விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இந்த நீளக் கணக்குக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. நீங்கள் ஸ்பிரிங் மாற்றியதால் உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் படிக்கும் மற்றவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பாடி லிஃப்ட். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டைகள் வைத்துப் பாடியை மட்டும் உயர்த்துவது. ஷாக் மாட்டியிருப்பது சேசிஸிலும் ஆக்சிலிலும். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் இதில் ஒரு மி.மீ. கூட மாறுவதில்லை. ஆகவே பாடி லிஃப்ட் செய்த வண்டிக்குப் பழைய நீள ஷாக்தான் போட வேண்டும். "வண்டி 2 இன்ச் ஏறியிருக்கிறதே" என்று நீள ஷாக்கை விற்றுவிடுவார்கள். அது முதல் பள்ளத்திலேயே இடிக்கும். இரண்டும் கலந்தும் இருக்கும்: 2 இன்ச் ஸ்பிரிங்கில், 1 இன்ச் கட்டையில். அப்போது ஷாக்குக்குக் கணக்கு 2 இன்ச்தான், 3 இல்லை. பெரிய டயரால் ஏறிய உயரமும் ஷாக்குக்குச் செல்லாது. கைமாறி வந்த வண்டி என்றால், குனிந்து பாடி மவுண்ட்டுகளைப் பாருங்கள். ரப்பருக்கு மேலோ கீழோ கூடுதலாக ஓர் உருளைக் கட்டையும், வழக்கத்தைவிட நீளமான போல்ட்டும் தெரிந்தால் அது பாடி லிஃப்ட். பம்பருக்கும் பாடிக்கும் நடுவே திடீரென்று ஓர் இடைவெளி தெரிவதும் அடையாளம். சந்தேகம் தீராவிட்டாலும் மேலே சொன்ன மூன்று அளவுகள் உங்களைக் காப்பாற்றும். டேப்புக்கு யாருடைய விளம்பரமும் தெரியாது.

ரிசர்வாயருக்கு வருகிறேன். கூடுதல் எண்ணெய், தனியாக வாயு, அதனால் சூடு தாங்கும். பல மணி நேரம் அலை அலையாக மேடு விழுந்த மண்பாதையில் வேகமாக ஓடுகிறவர்களுக்கு, பாரம் ஏற்றிப் பாலைவனம் போகிறவர்களுக்கு அது பயன்படும். உங்கள் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீளம் தப்பான ரிசர்வாயர் ஷாக்கும் அதே 'டொக்'கைத்தான் தரும், கூடுதல் பளபளப்போடு.

மோனோடியூபா (ஒற்றைக் குழாய்), ட்வின்டியூபா (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்) என்பதற்கும் இப்படித்தான் சண்டை நடக்கிறது. மோனோடியூபில் எண்ணெயும் அழுத்தமான வாயுவும் மிதக்கும் பிஸ்டனால் பிரிந்திருக்கும்; நுரைக்காது, சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். 1957-இலேயே பில்ஸ்டைன் நிறுவனம் மெர்சிடிஸ் கார்களுக்கு இதைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது, புது மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கல் பட்டு உடல் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ட்வின்டியூபில் வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் வேலை நடக்கும். மெதுவாகப் பாறையில் ஏறி இறங்குபவர் நல்ல ட்வின்டியூப் போட்டால் போதும் என்பேன்.

'ஹெவி டியூட்டி' என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். கடினமான ஷாக் நல்ல ஷாக் என்று அர்த்தமில்லை. புது ஸ்பிரிங் பழையதைவிடக் கடினமானது என்றால், அது திரும்பி விரியும் வேகத்தை அடக்க ஷாக்கில் ரீபவுண்ட், அதாவது நீளும்போது காட்டும் எதிர்ப்பு, கூடுதலாக வேண்டும். அதிகமாகிவிட்டால், அடுத்தடுத்த மேடுகளில் ஷாக் நீள நேரமில்லாமல் வண்டி தாழ்ந்துகொண்டே போய்த் தூக்கிப் போடும். ஸ்பிரிங் தயாரிப்பாளரே அந்த ஸ்பிரிங்குக்கு இணையாக ஒரு ஷாக் சொல்லியிருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். நீளத்தை அப்போதும் சரிபார்க்க வேண்டும்.

பழைய ஷாக்குக்குப் பெயிண்ட் அடித்துப் புதிது என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ராடைப் பாருங்கள்: கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், நகத்தால் தடவினால் ஒரு கீறல்கூடத் தட்டுப்படக் கூடாது. ட்வின்டியூபை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அழுத்தி இழுங்கள். படுக்க வைத்திருந்தால் முதல் இரண்டு முறை தொளதொளவென்று போகும், அது இயல்பு. அதற்குப் பிறகும் நடுவில் திடீரென்று காலியாகப் போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஆக்சிலில் ஒன்றை மட்டும் மாற்றுவது எப்போதும் வேண்டாம்.

நீங்களே மாட்டலாமா என்றால், உங்கள் வண்டியில் மாட்டலாம். முன்பக்கம் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட் உள்ளவர்கள் மட்டும் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டாம். நடு நட்டைத் தெரியாமல் கழற்றினால் அமுங்கிய ஸ்பிரிங் உயிரையே எடுத்துவிடும்.

சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு ஷாக்கையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்சில் தொங்கி, ஸ்பிரிங் துள்ளி விழும், பிரேக் ஹோஸ் அறுபடும். வாயு ஷாக்கைக் கட்டியிருக்கும் பட்டையை, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு அவிழ்க்க வேண்டும்; அது தானாக நீளும். ராடு சுற்றுகிறது என்று பிளையரால் பிடிக்கக் கூடாது. மேல்முனையில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையாக வெட்டியிருப்பார்கள், அங்கே பிடியுங்கள். ட்வின்டியூப் என்றால் உடல் கீழே, ராடு மேலே.

கடைகளில்கூட அவசரத்தில் தப்பு செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. வளையக் கண் உள்ள முனையில் ரப்பர் புஷ் இருந்தால், வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டை முழுசாக முறுக்கக் கூடாது. லேசாகப் பிடிக்க விட்டு, சக்கரம் தரையில் நின்று வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகுதான் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும். நட்டு போடும் தண்டு முனையில், கையேடு வேறு சொல்லாவிட்டால், ரப்பர் உப்பி வாஷரின் விளிம்பைத் தொடும் வரை முறுக்கினால் போதும். பிதுங்கி வெளியே வந்தால் அதிகம்.

சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். ஹெட்லைட் உயரத்தையும் இறக்குங்கள், எதிரில் வருபவர் பாவம். உயரம் கூட்டியதற்கான அனுமதி, காப்பீடு எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு; அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு அதே இடத்தில் 'டொக்' கேட்டால், ஷாக்கை விட்டுவிட்டு ஆக்சிலைப் பிடிக்கும் கம்பிகளின் புஷ்களைப் பாருங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் மறுபடி எழுதுங்கள். கடைக்காரர் சொன்னதை எழுத வேண்டாம், மூன்று அளவுகளை எழுதினால் போதும்.