இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்

கேள்வி: நானும் நண்பரும் இணையம் வழியாகப் பொருள்கள் விற்கிறோம். விளம்பரம் அவர் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. வாரம் ஒருமுறை எண்களை அலசுவது என்று தீர்மானித்தோம். மூன்று வாரம் நடக்கிறது, நான்காவது வாரம் நின்றுவிடுகிறது. நடக்கும் வாரங்களிலும் அவர் 'விற்பனை ஏறுகிறது' என்பார். நான் 'வங்கியில் பணம் இல்லை' என்பேன். இதை எப்படிப் பழக்கமாக்குவது?

பதில்: முதலில் சண்டையைத் தீர்ப்போம். விளம்பரத்துக்கு 1,000 செலவழித்து 10 புதிய வாடிக்கையாளர்கள் வந்தால் தலைக்கு 100 ஆகிறது. முதல் முறை வாங்கும்போது, விளம்பரச் செலவைக் கழிக்கும் முன், ஒருவரிடம் உங்களுக்கு நிற்கும் லாபம் 60 என்றால், மீதி 40 அவர் மறுபடி வாங்கும்வரை உங்கள் கையைவிட்டுப் போன பணம். இந்த நிலையில் புதியவர்கள் கூடக் கூட வங்கி இருப்பு கரையத்தான் செய்யும். ஆகவே வாரந்தோறும் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டியவை மூன்று: ஒரு புதியவரைக் கொண்டுவர ஆன செலவு, அவர் தந்த லாபம், போட்ட பணம் திரும்ப எத்தனை வாரம் பிடிக்கிறது.

இவற்றோடு கையிருப்பு, வரவேண்டிய பாக்கி, அடுத்த 13 வாரங்களுக்கான வரவு செலவு மதிப்பீடு. போதும். வேறொரு எண்ணைச் சேர்க்க ஆசை வந்தால், அது மாறினால் என்ன செய்வோம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அது வேடிக்கை பார்க்கும் எண். பின்தொடர்வோர் எண்ணிக்கை பெரும்பாலும் இந்த ரகம். (நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

விளம்பரத் தளங்கள் காட்டும் விற்பனையை அப்படியே கூட்டிவிடாதீர்கள். ஒரே வாடிக்கையாளரை இரண்டு தளங்களும் தம் கணக்கில் எழுதிக்கொள்வதுண்டு. மொத்த விளம்பரச் செலவை, உங்கள் பதிவேட்டில் உள்ள புதிய வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். தோராயம்தான், ஆனால் இருவரும் ஒப்புக்கொள்வீர்கள்.

நான்காவது வாரம் நின்றுபோவதற்குச் சோம்பல் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று வாரம் பார்த்தும் எதுவும் மாறவில்லை என்றால் யாருக்குத்தான் உட்காரத் தோன்றும்? அதனால் கூட்டத்தைப் போன வார முடிவிலிருந்து தொடங்குங்கள். ஒரு நோட்டில் வாரம் ஒரு வரி: எதை மாற்றினோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், எப்போது தெரியவரும். 'எதையும் மாற்றவில்லை, காரணம் இது' என்று எழுதுவதும் முடிவுதான். எண்களை முந்தைய நாளே நிரப்பிவிட்டால் அரை மணி நேரம் போதும். விளம்பர எண்களை நீங்களும் கையிருப்பை அவரும் நிரப்பினால் இன்னும் நல்லது.

வாரந்தோறும் பார்ப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. சராசரியாக 20 ஆர்டர் வரும் இடத்தில் ஒரு வாரம் 16, மறு வாரம் 24 என்று வருவது தற்செயலாகவே நடக்கும். அதற்கெல்லாம் காரணம் தேடி விளம்பரத்தை மாற்றிக்கொண்டிருந்தால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது. இயல்பான ஏற்ற இறக்கத்தையும் உண்மையான மாற்றத்தையும் பிரித்துக் காட்டத்தான் அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை, அதாவது சராசரிக்கு மேலும் கீழும் எல்லைக் கோடு போட்ட வரைபடத்தை, வகுத்தார். அது தொழிற்சாலைத் தரத்துக்காகப் பிறந்தது, உங்களுக்கும் பொருந்தும். அவ்வளவு வேண்டாம் என்றால் நான்கு வாரச் சராசரியைப் பாருங்கள். பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் வியாபாரமாக இருந்தால், போன ஆண்டின் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். கையிருப்பு மட்டும் விதிவிலக்கு. அதற்குச் சராசரி கிடையாது. குறைந்தால் அன்றே பேச வேண்டும்.

தலைக்கு ஆகும் செலவு எந்த அளவைத் தாண்டி எத்தனை வாரம் நீடித்தால் விளம்பரத்தைக் குறைப்பது என்பதை இப்போதே, இருவரும் அமைதியாக இருக்கும்போதே, எழுதிவையுங்கள். திங்கள் காலையில் உட்கார வேண்டாம். விளம்பரத்தைப் பார்த்தவர்கள் சில நாள் கழித்து வாங்குவதும் உண்டு, ஞாயிறுவரையிலான கணக்கு அப்போது குறைவாகத் தெரியும். புதன்கிழமை சரியாக இருக்கும். நண்பர் வர முடியாத வாரத்திலும் அந்த ஒரு வரியை நீங்கள் எழுதிவிட்டு அவருக்கு அனுப்பிவையுங்கள்.