தினமும் பைபிள் வாசித்தும் நான் ஏன் வளரவில்லை? வேதத்தைத் தியானிப்பது என்றால் உண்மையில் என்ன?

தினமும் வாசிக்கிறேன், உள்ளே எதுவும் மாறவில்லை, தியானி என்கிறார்கள், எப்படி என்று யாரும் சொல்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. திருகோணமலை டவுனில் வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். கடைக்காரன் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு வருடத்தில் பைபிளை முடிக்கிற அட்டவணை வைத்திருந்தவன்தான். 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்று நான்கு. முடித்ததற்குப் பேனையால் சரி போடுவதில் ஒரு தனிச் சுகம். ஒரு நாள் காலை 1 கொரிந்தியர் 13 வந்தது. ‘அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது.’ சரி போட்டேன். கடை திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, நைலோன் கயிற்றைக் கட்டையாக வெட்டிவிட்டான் என்று கடைப் பொடியனை வாடிக்கையாளர் முன்னால் கிழித்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. புரி பிரியாமல் இருக்க நுனியை லைட்டரில் உருக்கி, விரலால் உருட்டிக்கொண்டே நின்றான். மத்தியானம் சாப்பிடும்போதுதான் காலையில் என்ன வாசித்தேன் என்று யோசித்தேன். அதிகார எண் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

பிறகு ஒரு வேதபாட வகுப்பில்தான் இது தெரிந்தது. சங்கீதம் 1:2இல் ‘இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற’ என்ற இடத்தில் உள்ள எபிரேயச் சொல் ‘ஹாகா’. கண்ணை மூடிச் சும்மா உட்கார்வதில்லை, வாய்க்குள் முணுமுணுப்பது. ஏசாயா 31:4இல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும், 38:14இல் புறா முனகுவதற்கும் அதே சொல்தான். யோசுவா 1:8உம் வேதம் ‘உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக’ என்கிறது. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது சங்கீதம் 2:1. ‘ஜனங்கள் விருதாக் காரியத்தைச் சிந்திப்பானேன்?’ அங்கேயும் ஹாகாதான்.

அப்படியென்றால் எனக்குத் தியானம் நன்றாகவே தெரியும்! கடனுக்கு வலை எடுத்துப் போன ஒருவர் மாதக்கணக்கில் காசு தரவில்லை. நிலாவெளியில் இருந்து கடைக்கு மோட்டார் சைக்கிளில் வரும் வழியெல்லாம், ஹெல்மெட்டுக்குள், அவரிடம் என்ன கேட்பேன், அவர் என்ன சாட்டுச் சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வருவேன். ஒவ்வொரு நாளும் என் வசனம் இன்னும் கூர்மையாகும். யாரும் சொல்லித் தரவில்லை. அதே வாய்க்கு வேறு சொல்லைக் கொடுப்பதுதான் வேலை என்று பட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து சில நாள் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் போவேன். அங்கே மான்களைப் பார்த்திருப்பீர்கள். அவசரமாக மேய்ந்துவிட்டு நிழலில் படுத்துவிடும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் கழுத்துக்குள் ஓர் உருண்டை மேலே ஏறுவது தெரியும். அப்புறம் தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கும். மேயும்போது நடக்காத வேலை படுத்த பிறகுதான் நடக்கிறது. (பாவம், பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன.) கத்தோலிக்க நண்பர்கள் சொல்லும் ‘லெக்சியோ திவினா’ என்ற வேத வாசிப்பு முறையும் கிட்டத்தட்ட இதுதான். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி அதை நான்கு படியாக எழுதினார்: வாசிப்பு, தியானம், ஜெபம், கடைசியில் பேச்சில்லாமல் கடவுள் முன்னால் இருப்பது. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது என்பது அவர் சொன்னதுதான்.

நான் செய்வது சின்ன வேலை. காலையில் ஓர் அதிகாரம், அதில் ஒரு வசனம், ஒரு வாரத்துக்கு அதே வசனம். முதலில் எடுத்தது யாக்கோபு 1:19: ‘கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்.’ முதல் இரண்டு நாளும் வெறும் சத்தம்தான். மூன்றாம் நாள் ‘கோபப்படாதே’ என்று அதில் இல்லை, ‘தாமதமாய்’ என்றுதான் இருக்கிறது என்பது கண்ணில் பட்டது. ஐந்தாம் நாள், கேட்பது முதலில் வருவதைக் கவனித்தேன். பொடியனிடம் அன்று நான் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு கேட்டேன். அளவு அடித்திருந்த கோடு அழிந்துபோயிருந்ததாம். கோடு போட வேண்டியவன் நான்.

ஒன்று மட்டும் கவனம். வசனத்தைத் தனியாகப் பிடுங்கி மெல்லக் கூடாது. ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்று ஓட்டோ கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். பிலிப்பியர் 4:13. அதற்கு முந்தின வசனத்தில் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார் பவுல், அதுவும் கட்டுண்டு கிடந்து எழுதியது. பரீட்சையில் பாஸாவதைப் பற்றியது இல்லை. அதனால்தான் அதிகாரத்தை முழுதாக வாசிப்பதை நான் விடவில்லை.

முதிர்ச்சி பற்றி எபிரெயர் 5:14 சொல்வது எனக்குப் பிடிக்கும்: பலமான ஆகாரம் ‘பூரண வயதுள்ளவர்களுக்கே’. அவர்கள் யார்? நன்மை தீமையைப் பயிற்சியினால் பகுத்தறிகிறவர்கள். எத்தனை அதிகாரம் முடித்தாய் என்று அங்கே கேள்வியே இல்லை. வாய் திறக்கும் முன் அரை நொடி நிற்க முடிகிறதா என்றுதான் நான் பார்த்துக்கொள்கிறேன். சில நாள் முடிகிறது.

அந்தக் கடன் இன்னும் வரவில்லை. நிலாவெளியில் ஏறினால் உப்புவெளிப் போர்வீரர் மயானம் வரைக்கும் வாயில் அவர்தான் இருப்பார். அதைத் தாண்டினால் யாக்கோபு.