புதுச்சேரி வீட்டுத் தோட்டத்தில் காய் அழகுக்காக எந்தப் புதர்ச்செடி வைக்கலாம்?

எப்போதும் பச்சையாக, அடக்கமாக, காய்களே அழகாகத் தெரியும் செடி புதுச்சேரி வெயிலுக்குத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் களாக்காய் வையுங்கள். மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, நல்ல வாசனை. அப்புறம் காய்: முதலில் வெளிறிய பச்சை, வெயில் படும் பக்கம் ரோஜா நிறம், பிறகு சிவப்பு, பழுத்தால் கருஊதா. ஒரே கொத்தில் இத்தனை நிறத்தையும் பார்க்கலாம். காயைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். ஊறுகாய்க்கு அந்தப் பச்சைக் காய்தான் ருசி.

காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண்ணோ கடலோர மணலோ, இரண்டும் சரி. வேர் பிடித்த பிறகு தண்ணீர் அதிகம் கேட்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்குவதுதான் ஆபத்து, வேர் அழுகிவிடும். அதனால் மேட்டில் நடுங்கள்.

விட்டால் 10 அடிக்கு மேல் போகும். 3, 4 அடியில் நிறுத்த வேண்டுமானால் காய் பறித்து முடித்ததும் வெட்டுங்கள். பூ கிளை நுனியில் வருவதால், பூக்கும் சமயத்தில் வெட்டினால் காயே இருக்காது. விதை என்றால் பழத்திலிருந்து எடுத்தவுடன் போடுங்கள், வைத்திருந்தால் முளைக்காது. முள் கூர்மையானது, குழந்தைகள் நடமாடும் வழியோரம் மட்டும் வேண்டாம்.