தலைசுற்றல்: நாற்பதைத் தாண்டிய பெண்கள் கேட்டவை

கேள்வி: வயது 52. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுழல்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மூளையில் கோளாறா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் உள்காதில்தான். அங்கே இருக்க வேண்டிய நுண்ணிய கால்சியத் துகள்கள் சில சமயம் கழன்று, அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலையைத் திருப்பினால் துகள் நகர்ந்து குழாயின் திரவத்தையும் அசைக்கும். தலை நின்ற பிறகும் சுற்றுவதாக மூளைக்குச் செய்தி போகும். ஐம்பதை ஒட்டிய பெண்களுக்கு இது அதிகம். மருத்துவர் உங்கள் தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்களைக் கவனிப்பார். விழி துடிக்கும் விதத்தை வைத்தே எந்தக் காது என்று சொல்லிவிடலாம். அப்புறம் எப்லி முறைப்படி தலையை வரிசையாகத் திருப்பித் துகளை வெளியேற்றுவார். சில நிமிட வேலைதான். பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரியும். மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்காதீர்கள், அது துகளை நகர்த்தாது.

கேள்வி: வயது 46. மாதவிடாய் பத்து நாள் நீள்கிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. "மெனோபாஸ் வந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து அதுவரை காத்திருக்காதீர்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கூடவே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள், அந்தச் சேமிப்பு முன்பே கரைந்திருக்கலாம். இரும்பு மாத்திரை மட்டும் போதாது. ரத்தப்போக்குக்குக் காரணம் கருப்பைக் கட்டியா, தைராய்டா என்று பெண்கள் நல மருத்துவரிடம் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: பிரஷர் மாத்திரையைக் கூட்டியதிலிருந்து தள்ளாடுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறுமுறை அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போங்கள். மருந்தை மாற்றித் தருவார்.

கேள்வி: மணிக்கணக்கில் சுற்றுகிறது. வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லை. ஆனால் தலைவலி இல்லை.

பதில்: தலைவலி இல்லாமலும் மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி நோய்) இப்படி வரும். முன்பு ஒற்றைத் தலைவலி இருந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள். காது அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் குறைவு சேர்ந்திருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள்.

கேள்வி: எப்போது உடனே ஓட வேண்டும்?

பதில்: திடீர்ச் சுற்றலோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், இரட்டைப் பார்வை, நடக்கவே முடியாமை, நெஞ்சுவலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். விடியட்டும் என்று படுக்காதீர்கள்.