டைல்ஸ் போடப் போறீங்களா? கேள்விகளும் என் பதில்களும்

இருபது வருடங்களுக்கும் மேலாகத் திருச்சிப் பக்கம் தரை போடும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் பாதி, எந்த டைல் வாங்கலாம் என்பதுதான். நான் போய்ப் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை டைலுக்கு அடியில்தான் இருந்தன. சரி, கேள்விக்குப் போவோம்.

தஞ்சாவூரிலிருந்து: அண்ணா, ஹாலுக்கு 4×2 அடி ஜிவிடி போடச் சொல்கிறார் கடைக்காரர். டபுள் சார்ஜ்தான் உழைக்கும் என்கிறார் மச்சான். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரிதான் தம்பி. இரண்டுமே விட்ரிஃபைடு, அதாவது அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கிய டைல். ஜிவிடியில் டிசைன் மேலே அச்சடித்தது, அதற்கு மேல் மெல்லிய கிளேஸ், கண்ணாடி மாதிரிப் பூச்சு. டபுள் சார்ஜில் கலர் மண்ணையே 3, 4 மில்லிமீட்டர் கனத்துக்கு அழுத்தியிருப்பார்கள். தேய்ந்தாலும் தெரியாது, ஆனால் டிசைன் குறைவு. கடை, கிளினிக் என்றால் டபுள் சார்ஜ். வீட்டுக்கு ஜிவிடி தாராளமாகப் போதும். வாசல் மண் நேராக ஹாலுக்குள் வரும் வீடு என்றால் மட்டும் பளபளப்பு வேண்டாம், மேட் எடுங்கள்.

கடையில் இரண்டு காரியம் செய்யுங்கள். டைலைத் திருப்பிப் பின்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சர்ரென்று குடித்தால் அது சாதா செராமிக். விட்ரிஃபைடு தண்ணீர் இழுப்பது 0.5 சதவீதத்துக்குள்தான், சொட்டு அப்படியே நிற்கும். அப்புறம் இரண்டு டைலை முகத்தோடு முகம் வைத்து மூலையை அழுத்துங்கள். ஊஞ்சல் மாதிரி ஆடினால் வளைவு இருக்கிறது. 4×2-இல் இந்த வளைவுதான் பெரிய தலைவலி, விளிம்பு ஏறி இறங்கி நிற்கும். 'இத்தாலியன்' என்று விலை ஏற்றினால் பெட்டியில் ஊர்ப் பெயரைப் படியுங்கள். அநேகமாக குஜராத்தின் மோர்பி என்றுதான் இருக்கும். அது குறையில்லை, ஆனால் இத்தாலி விலை கொடுக்க வேண்டாம்.

வேலூரிலிருந்து: சார், 1000 சதுர அடிக்கு 63 பாக்ஸ் போதும் என்றார்கள். இப்போது பத்தவில்லை. மேஸ்திரி உடைத்துவிட்டாரா?

மேஸ்திரியைத் திட்டாதீர்கள், கணக்கில்தான் ஓட்டை. 2×2 என்று பேச்சுக்குச் சொல்கிறோம், டைல் 600 மில்லிதான். இரண்டு அடி என்றால் 609.6 மில்லி வர வேண்டும். நாலு டைல் உள்ள பாக்ஸ் 16 சதுர அடி இல்லை, 15.5தான். 1000-ஐ 15.5-ஆல் வகுத்தால் 65 பாக்ஸ். வெட்டுக்கும் உடைசலுக்கும் நூற்றுக்கு 5 முதல் 7 சேர்த்தால் 69, 70. ஸ்கர்ட்டிங், அதாவது சுவரடியில் ஓடும் டைல் பட்டை, தனி. பில்லிலும் பாக்ஸை 16 என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அந்த அரை அடி உங்கள் பணம்.

மறுபடி வாங்கும்போது பழைய பெட்டியில் உள்ள ஷேடு நம்பர், பேட்ச் நம்பரைக் காட்டிக் கேளுங்கள். அதே டிசைனாக இருந்தாலும் பேட்ச் மாறினால் நிறம் ஒரு பொட்டு மாறும். கிடைக்காவிட்டால் ஒரு சின்ன அறைக்கு முழுக்கப் புதிய பேட்சைப் போடுங்கள், ஹாலில் கலக்காதீர்கள்.

கோவையிலிருந்து: ராத்திரி டமார் என்று சத்தம். எழுந்து பார்த்தால் ஹால் நடுவில் நாலு டைல் கூடாரம் மாதிரி நிற்கிறது. அம்மா சாந்தி செய்யச் சொல்கிறார்!

சாந்தி செய்யுங்கள், தப்பில்லை. அதோடு டைலையும் மாற்றுங்கள். இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டிப் போட்டிருப்பார்கள். வெயிலில் தரை விரியும்போது போக இடமில்லாமல் மேலே எழும்பிவிடும். அடியில் பிடிப்பும் இருந்திருக்காது. இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். விட்ரிஃபைடு புதிதாக வந்த சமயம், செராமிக்குப் போடுகிற மாதிரியே கலவை மேல் சிமெண்ட் பாலை ஊற்றி வைத்தோம். தண்ணீரே குடிக்காத டைல் சிமெண்டை எப்படிப் பிடிக்கும்? இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது கோடையில் வீட்டுக்காரர் கூப்பிட்டார். தூக்கிப் பார்த்தால் டைலின் முதுகு கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. என் செலவில் பிரித்துப் போட்டுக் கொடுத்தேன்.

டைல்களுக்கு நடுவே 2, 3 மில்லி இடைவெளி விட ஸ்பேசர் வையுங்கள். சுவரோரம் அரை சென்டிமீட்டர் இடைவெளி, ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். விட்ரிஃபைடுக்கு உரிய அட்ஹெசிவை, அதாவது ஒட்டும் கலவையை, பல் கரண்டியால் இழுத்துப் போட வேண்டும். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து அமுக்குகிறவரை அங்கேயே நிறுத்துங்கள், நடுவெல்லாம் காலியாக இருக்கும்.

தாம்பரத்திலிருந்து: மூன்று பேர் கூலி சொன்னார்கள். குறைச்சலாகச் சொன்னவருக்கே கொடுக்கலாமா?

முதலில் மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் சொன்னார்களா? சதுர அடிக் கூலிக்குள் ஸ்கர்ட்டிங் உண்டா, படிக்கட்டு மூக்கு (படி விளிம்பு) உருட்டுவது உண்டா, கிரௌட் அடிப்பது (டைல் இடுக்கை அடைப்பது), மாடிக்கு ஏற்றுவது, குப்பை அள்ளுவது யார் பொறுப்பு? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். குறைச்சல் கூலி பாதி நேரம் அங்கேயே காணாமல் போகும்.

அவர் போன வாரம் முடித்த வீட்டைக் காட்டுவார். வேண்டாம், போன வருடம் முடித்ததைக் கேளுங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தால் டைலைத் தட்டிக்கொண்டே நடங்கள். டக் டக் என்றால் சரி, டொக் என்று பானை மாதிரி கேட்டால் அடியில் காலி. பாத்ரூம் மூலையில் வெட்டுத் துண்டுகள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள், கை நேர்த்தி அங்கேதான் தெரியும். பேச வந்தவரே உட்கார்ந்து போடுவாரா, ஆள் அனுப்புவாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

பணத்தை அறை அறையாகக் கொடுங்கள். முன்பணமாகப் பாதி கேட்பவர் அடுத்த சைட்டின் கடனை உங்கள் காசில் அடைக்கிறார். கடைசிப் பத்து சதவீதம், பாத்ரூமில் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு.

நாகர்கோவிலிலிருந்து: அந்தத் தண்ணீர் சோதனை எப்படி? வீட்டில் 78 வயது அம்மா இருக்கிறார்.

இரண்டு சோதனை உண்டு. டைல் போடும் முன், வாட்டர்புரூஃபிங் முடிந்ததும், ஓட்டையை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டிக் கீழ்ச் சுவரில் ஈரம் வருகிறதா என்று பாருங்கள். டைல் போட்ட பின் இரண்டு வாளி ஊற்றுங்கள். எங்கும் தேங்காமல் டிராப்புக்கு, அதாவது தண்ணீர் போகும் ஓட்டைக்கு, ஓடினால் வாட்டம் (சரிவு) சரி. அம்மா நடக்கிற இடத்துக்கு 1×1 ஆன்டி ஸ்கிட் (வழுக்காத டைல்) போடுங்கள். சின்ன டைலில் வாட்டம் எடுப்பதும் சுலபம், ஜாயின்ட் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். வாங்கும் முன் கடையிலேயே தண்ணீர் தெளித்து வெறும் காலால் மிதித்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

சிவகங்கையிலிருந்து: புது வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் போட ஆசை.

போடுங்கள்! கண்ணாடி மேல் கையால் கலர் ஊற்றிச் செய்கிற சிமெண்ட் கல் அது, சூளை கிடையாது. அதனால் கனம் கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறும், கலவை மேல்தான் போட வேண்டும், அதில் பழகிய ஆள் வேண்டும். துடைக்கத் துடைக்க மெருகேறும். ஹால், முற்றம், பூஜை அறைக்கு அழகு. அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் வேண்டாம், எலுமிச்சைச் சாறே கறை வைத்துவிடும்.

சேலத்திலிருந்து: பழைய மொசைக் மேலேயே டைல் ஒட்டலாமா?

மொசைக் ஆடாமல் கெட்டியாக இருந்தால் ஒட்டலாம், அதற்கென்று அட்ஹெசிவ் இருக்கிறது. ஆனால் தரை அரை அங்குலத்துக்கு மேல் ஏறும். எல்லாக் கதவின் அடியையும் இழைக்க வேண்டும், தச்சர் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மறுபடியும் வேலூர்: சிந்திய சிமெண்டை ஆசிட் ஊற்றித் துடைக்கலாமா சார்?

வேண்டாம். கிரௌட் அரித்துப் போகும். ஈரத் துணியால் ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். பொறுமையாக.