பழைய டியூப் டிவியின் மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழுந்திருக்கிறது. பிக்சர் டியூப் போய்விட்டதா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், போகவில்லை என்றே நினைக்கிறேன். டிவியை இடம் மாற்றி வைத்தீர்கள். வலது மேல் மூலையில் பச்சைத் திட்டு, அதன் ஓரமாக ஊதா. சேனலை மாற்றினாலும் திட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. டியூப் தேய்ந்துபோனால் படம் முழுக்க மங்கும், அல்லது ஏதாவது ஒரு நிறம் திரை முழுவதும் குறையும். ஒரு மூலை மட்டும் நிறம் மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தத்தைத்தான். (எல்சிடி, எல்இடி டிவிக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவற்றின் திரையில் காந்தத்துக்கு வேலையே இல்லை.)

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா மகன் உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றி, ஓடிக்கொண்டிருந்த டிவி திரையில் ஒட்டிப் பார்த்தான். படம் வானவில் மாதிரி சுழிந்தது. எடுத்த பிறகும் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சை வட்டம் அங்கேயே தங்கிவிட்டது. பையன் பயந்து அழுதான். வந்து பார்த்த மெக்கானிக், டியூப் போய்விட்டது, மாற்றுவதற்குப் பதில் புது டிவியே வாங்கலாம் என்றார். வாங்கியிருந்தால் நல்ல டிவி ஒன்று குப்பைக்குப் போயிருக்கும். இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தது அப்போதுதான்.

கலர் டியூபின் கண்ணாடிக்குப் பின்னால், நுண்ணிய துளைகள் நிறைந்த மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. ஷேடோ மாஸ்க் என்பார்கள். டியூபின் கழுத்திலிருந்து வரும் மூன்று எலெக்ட்ரான் கற்றைகளும் அந்தத் துளைகள் வழியாகச் சாய்வு மாறாமல் நுழைந்தால்தான் சிவப்புக் கற்றை சிவப்புப் புள்ளியிலும் மற்றவை தத்தம் புள்ளிகளிலும் போய் விழும். தகட்டில் காந்தம் ஏறிவிட்டால் கற்றை ஒரு நூலளவு விலகும். அவ்வளவு விலகினாலே பக்கத்து நிறத்தில் பட்டுவிடும். பூமியின் காந்தப்புலமே இதற்குப் போதும். அதனால்தான் டிவியை வேறு திசை பார்த்துத் திருப்பி வைத்ததும் திட்டு தெரிகிறது.

இதைத் தயாரிப்பாளர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். டியூபைச் சுற்றி டீகாஸிங் காயில் என்று ஒரு கம்பிச்சுருள் இருக்கும். டிவியைப் போட்டவுடன் ‘டொம்ம்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இந்தக் காயிலின் வேலை. மின்சாரம் அதில் இரு திசையிலும் மாறி மாறிப் பாய்ந்து, சில நொடிகளில் தேய்ந்து அடங்கும். தகட்டின் காந்தமும் கூடவே தேய்ந்து போகும். மின்சாரத்தை அப்படி அடக்குவது ஒரு சின்ன தெர்மிஸ்டர். குளிர்ந்திருக்கும்போது தாராளமாக வழிவிடும், சூடேறியதும் வழியை ஏறக்குறைய அடைத்துவிடும்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். தெர்மிஸ்டர் சூடாக இருக்கும்வரை காயில் மறுபடி வேலை செய்யாது. ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுத்தால், பல செட்டுகளில் அது இரவெல்லாம் சூடாகவே இருக்கும். மாதக்கணக்கில் மெயின் சுவிட்சைத் தொடாத வீடுகளில் திட்டு தானாக மறையாததற்கு இதுதான் காரணம். பொறுமை இல்லாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அணைத்து அணைத்துப் போட்டாலும் பலன் இருக்காது.

ஆகவே முதலில் டிவியின் அருகில் உள்ள ஸ்பீக்கர், வூஃபர், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். ஒட்டினாற்போல் இரும்பு பீரோ இருந்தால் டிவியை அங்கிருந்து நகர்த்துங்கள். பிறகு பிளக்கையே பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். போடும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘டொம்ம்’ கேட்டு, திட்டு கொஞ்சமாவது வெளிறினால் சரியான வழியில் போகிறீர்கள். அரை மணி இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை செய்யுங்கள். இடம் மாற்றியதால் வந்த திட்டு பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

சத்தமே வரவில்லை என்றால் தெர்மிஸ்டர் செத்திருக்கலாம், அல்லது காயிலின் இணைப்பு விட்டிருக்கலாம். பழைய செட்டுகளில் சாதாரணமாக வரும் கோளாறுதான்; தெர்மிஸ்டரும் சின்னப் பொருள்தான். ஆனால் தயவுசெய்து நீங்களே பின்மூடியைக் கழற்றாதீர்கள். கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, “டீகாஸ் தெர்மிஸ்டரைப் பாருங்கள்” என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

எங்கள் டிவியில் விழுந்த பச்சை வட்டம் இந்த முறையில் பாதிதான் வெளிறியது. நேரடியாக வைத்த காந்தத்துக்கு உள்ளிருக்கும் காயிலின் பலம் போதாது. தெரிந்தவர் ஒருவர் கையில் பிடிக்கும் டீகாஸிங் காயில் கொண்டுவந்தார். திரைக்கு முன்னால் அதை வட்டமாகச் சுழற்றியபடியே மெதுவாகப் பின்னால் நடந்து, ஆறடிக்கு மேல் போன பிறகுதான் சுவிட்சை விட்டார். திரைக்கு அருகிலேயே விட்டிருந்தால் புதிதாக ஒரு திட்டு விழுந்திருக்கும். ஒரு நிமிட வேலை, வட்டம் சுத்தமாகப் போய்விட்டது. இன்னொரு காந்தத்தைத் தடவிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. போட்டபோது இல்லாமல், வெளிச்சமான காட்சி நெடுநேரம் ஓடிய பிறகு திட்டு வந்து, இருண்ட காட்சியில் மறைந்தால், அது தகடு சூட்டில் உப்புவது. கான்ட்ராஸ்டைக் குறைத்தால் அடங்கும். இடம் மாற்றும்போது டிவி கீழே விழுந்தோ பலமாக இடித்தோ இருந்தால் தகடே நெளிந்திருக்கலாம். அதற்கு எந்தக் காயிலும் உதவாது. அப்போது மட்டும் டியூபைக் குறை சொல்லலாம். நீங்கள் டிவி விழுந்ததாக எழுதவில்லை. இன்று இரவு பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, காலையில் போட்டுப் பாருங்கள்.