விஏஓ வாயால் சொன்ன 'முடியாது' உத்தரவு ஆகுமா?

கேள்வி: அப்பா இறந்த பின் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். திருமணமாகி வெளிமாநிலத்தில் இருக்கும் அக்கா நேரில் வந்தால்தான் அறிக்கை அனுப்புவேன் என்கிறார் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்). தாலுகா அலுவலக வாசலில் ஒருவர், பணம் கொடுத்தால் அக்கா பெயர் இல்லாமலே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த வாசல் ஆளை விட்டு விலகுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி மகள் முதல் வகுப்பு வாரிசு, அதாவது சொத்தில் முதலில் பங்கு பெறுபவர்களில் ஒருவர். திருமணம் ஆனதால் அது மாறாது. அக்காவை மறைத்து வாங்கும் சான்றிதழ், அவர் ஒரு புகார் கொடுத்தால் ரத்தாகலாம். பொய்த் தகவல் தந்ததற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அந்த வாசல் ஆள் அல்ல. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபின் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் 7 நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் தப்பலாம். 'எல்லாரும் கொடுக்கிறார்கள்' என்று புரோக்கர் சொல்வார். வழக்கு வந்தால் அவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

சரி, விஏஓ விஷயம். விசாரிப்பதும் ஆதாரம் கேட்பதும் அவர் வேலை. எதை ஆதாரமாக ஏற்பது என்பதில் அவருக்குக் கொஞ்சம் விருப்புரிமை உண்டு. ஆனால் சான்றிதழ் தருவதா மறுப்பதா என்று முடிவெடுப்பவர் தாசில்தார். அறிக்கையே அனுப்பாமல் கோப்பை முடக்கி வைப்பது விருப்புரிமை ஆகாது. ஆகவே தாசில்தாருக்கு மனு எழுதுங்கள். அக்காவின் கையெழுத்திட்ட கடிதம், அடையாள ஆவண நகல் இரண்டையும் இணையுங்கள். 'எந்த விதிப்படி நேரில் வர வேண்டும்?' என்று கேளுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால், மனு மீது என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவும் சொல்கிறது. உத்தரவில் எழுதாத காரணத்தைப் பின்னால் புதிதாகச் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. எழுத்தில் வாங்குங்கள் என்று நான் மாய்ந்து மாய்ந்து சொல்வது இதனால்தான். இணையத்தில் விண்ணப்பம் போடும் வசதி வந்தும் 'நாளைக்கு வாங்க' ஒழியவில்லையே!

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். யார் வாரிசு என்பதிலேயே சண்டை இருந்தால், உதாரணமாக இரண்டாம் மனைவி என்று ஒருவர் ஆட்சேபித்தால், தாசில்தார் உங்களை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அது சரியான முடிவுதான். அந்தப் பெண்ணின் திருமணம் செல்லுமா, அவர் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா என்பதை ஒரு வருவாய் அதிகாரி தீர்மானிக்கக் கூடாது. அதற்குச் சாட்சி வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும். அப்போது தாசில்தாரோடு மல்லுக்கட்டி மாதங்களை வீணாக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஆட்சேபம் எதுவும் தெரியவில்லை. அக்கா ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம், அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. விண்ணப்பத்தில் பாட்டி பெயர் விடுபட்டிருந்தால் மனு கொடுக்கும்போதே அதையும் திருத்தச் சொல்லுங்கள்.